மடலின் மறுபக்கம்

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஹட்டன் நகரைக் கண்டதுண்டோ, அன்பரே? தோட்டங்களிலிருந்து இறங்கிவந்த மக்கள் கடைத்தெருவை நிறைத்து நிற்க, புகைவண்டி நிலையத்தின் மேலே மூடுபனி கலைந்தும் கலையாமலும் தயங்க, சரிவெங்கும் படிப்படியாய் ஏறிச்செல்லும் தேயிலைப் பசுமை அந்நகரைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டில், அத்தகையதொரு பொழுதில், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளிவந்து, சட்டைப்பையில் ஒரு மடலைச் சுமந்து, நான்கு கல் தொலைவிலிருந்த தோட்டத்துக்கு நடந்தான் வியாகுலம். துணிக்கடையொன்றில் துணி அளந்து கிழிப்பது அவன் தொழில்.

மடல் அவனுடையதன்று, நண்பன் சின்னராசா தன் தாய் காளியாயிக்கு எழுதியது. தோட்ட அலுவலகத்தின் வழியே வரும் மடல்கள் பிந்தி வருமாதலால், சின்னராசா துணிக்கடை முகவரிக்கே அனுப்புவான். கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த, எழுத்தறியாத அத்தாய்க்கு அவற்றை வாசித்துக் காட்டுவது ஐந்தாண்டுகளாய் வியாகுலத்தின் கடமை. கடமை என்றா சொன்னேன்? தண்டனை என்றே அவன் எண்ணினான்.

இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தேர்வெழுதித் தேறியவர்கள். மதிப்பெண்ணில் வியாகுலமே இரண்டு கூடுதல். ஆயினும் என்ன? நாடற்றோராய் நின்ற மலைநாட்டு மக்களிடம் எந்நாட்டுக் குடியுரிமை வேண்டுமென்று கேட்ட நாளில், சின்னராசாவின் தந்தை இலங்கை என்று கைநாட்டு வைத்தார். வியாகுலத்தின் தந்தையோ, அக்கரையில் உறவுகள் உண்டென்ற நினைப்பில், இந்தியா என்று கைநாட்டு வைத்தார். அந்தக் கட்டைவிரல் மையே ஒருவனைக் கீழைக்கரையில் புதிதாய்த் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அனுப்பிற்று. மற்றவனுக்கு அக்கரை செல்லக் கப்பலும் வரவில்லை, இக்கரையில் கற்க இடமும் கிடைக்கவில்லை.

இரவல் கட்டிடத்தில் நான்கு அறைகள், ஒழுகும் கூரையின் கீழ் ஓர் ஆய்வுகூடம் என்று முதல் மடல் வந்தபோது வியாகுலம் உள்ளூர மகிழ்ந்தான், மறைப்பானேன்? அடுத்த ஆண்டு கூரை செப்பமாயிற்று. பின்னர் நூலகம் எழுந்தது. வேளாண்மைத் துறைக்கென வயல் ஒதுக்கப்பட்டது. வெளிநாடு சென்று கற்ற ஆசிரியர்கள் வந்து சேர்ந்தனர். அக்கல்லூரி ஓரடி உயரும்போதெல்லாம் வியாகுலத்தின் வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடே அத்தாயின் முன் அமர்ந்து, நூலகத்தின் நீள அகலங்களை அவன் உரக்க வாசித்தான்.

அன்று அவன் சுமந்து சென்ற மடலின் முதற்பக்கம், கல்லூரி முழுப் பல்கலைக்கழகமாய் உயர்ந்ததைக் கூறிற்று. அதை வாசித்து முடித்துத் தாளைத் திருப்பினான். மறுபக்கத்தில் பட்டமளிப்பு விழாவின் நாள் குறித்திருந்தது. அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை; அம்மாவை அழைத்துக்கொண்டு நீயும் வா; பட்டத்தை அம்மா கையில் கொடுக்கவேண்டும்; அதில் பாதி உனக்குரியது என்று எழுதியிருந்தான் சின்னராசா. பாதி என்ற அச்சொல்லில் வியாகுலம் வெந்து போனான். எனக்குப் பிச்சை போடுகிறானா? தாளை மடித்தான், இவ்வளவுதான் என்றான், தாயிடம் நீட்டினான். வழியெங்கும் படையினரின் சோதனைச் சாவடிகள், வயதானவளை அனுப்புவது தகாது என்று, திரும்பி நடக்கையில் தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டான்.

மூன்று கிழமைகள் சென்றன. விழாநாளுக்கு மறுநாள் ஞாயிறன்று பெற்றோரைக் காண அவன் தோட்டத்துக்கு வந்தபோது, காளியாயி அம்மடலோடு வந்து எதிரில் அமர்ந்தாள்.

"இந்தப் பக்கம் என்ன சொல்லுது தம்பி?"

வியாகுலம் மடலை வாங்கி மடிக்கப் போனான்.

"நீ தாளைத் திருப்புன. ஒன் கண்ணு நகந்துச்சு, வாய் நகரல. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கணக்கப்பிள்ளை தராச பாத்து எம் கொழுந்தக் கொறைச்சு வாசிக்கிறத நாப்பது வருசமா பாக்கிறேன். எனக்குத் தெரியாதா? வேற ஆளுகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஒன்னயக் கள்ளன்னு சொன்ன மாதிரி ஆயிரும்ல. நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

அவன் வாசித்தான். நாளையும் வாசித்தான், பாதியையும் வாசித்தான். மகன் அந்த மண்டபத்தில் ஒவ்வொரு முகமாய்த் தேடியிருப்பான் என்பதை இருவருமே அறிந்தனர்.

"அப்ப நேத்தே முடிஞ்சு போச்சு" என்றாள் காளியாயி. தேயிலைக் கறை ஏறிய விரலை நீட்டி, தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னாள்.

"அம்மாவுக்குக் காச்சல், எந்திரிக்க முடியல, அதுனால வரலைன்னு எழுது. நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டன்னும் எழுது."

"பெரியம்மா, அத எங்கையால எப்பிடிங்க எழுதுவேன்?"

"ஒங்கையாலதான் எழுதணும். அவனுக்கு ஒன்ன விட்டா வேற கூட்டாளி இல்ல."

எழுதினான். துணியை ஒரு நூலும் பிசகாமல் அளக்கும் அந்தக் கை அன்று மூன்று தாள்களைக் கெடுத்தது.

பத்து நாளில் மறுமடல் வந்தது. அம்மாவைக் கண்போல் காத்த நண்பனுக்கு எவ்வாறு நன்றி சொல்வேன் என்று இருபக்கமும் நிறைய எழுதியிருந்தான் சின்னராசா. வியாகுலம் அதைக் கொண்டுசென்று, ஒரு சொல்லும் விடாமல், தன்னைப் புகழ்ந்த ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தான். காளியாயி தாளைப் பாராது அவன் வாயையே பார்த்திருந்தாள். அந்தப் பல்கலைக்கழகம் அதற்குப் பின்னும் வளர்ந்தது. அங்கேயே வேலையில் அமர்ந்த சின்னராசா அவ்வளர்ச்சியைச் சொல்லி எழுதிய மடல்களையெல்லாம் வியாகுலமே வாசித்தான். பொறாமை தீர்ந்ததோ என்று கேட்பீர், அன்பரே. தீரவில்லை, ஆயினும் அதன்பின் எந்த மடலிலும் அவன் ஓர் எழுத்தைக்கூடக் குறைத்து வாசித்ததில்லை.