மினுங்குகிற கவர்

கனடாவில் இருந்துகொண்டு துணுக்காய் ஊர் வெயிலுக்கு வைத்தியம் சொல்வதில் சாரங்காவை மிஞ்ச ஆளில்லை. அங்கே வாசலில் பனி குவிந்து கிடக்க, இங்கே தாய்வீட்டு முற்றத்தில் நிற்கிற தகப்பனின் பழைய மொறிஸ் மைனர் காருக்கு எந்தக் கவர் நல்லது என்று ஒரு கிழமையாக இணையத்தைத் துருவிவிட்டு, போன் எடுத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“சில்வர்தான் அம்மா. வெயிலைத் திருப்பி அடிக்கும். தறப்பாள் மட்டும் போட்டிடாதேங்கோ, உள்ளுக்குள்ளை வேர்த்துக் கறள் பிடிச்சிடும். உள்பக்கம் துணி வைச்சுத் தைச்சதாப் பாத்து வாங்குங்கோ.”

“ஓம் பிள்ளை,” என்றாள் பத்மாசனி.

இப்போதெல்லாம் எதற்கும் அவளிடம் இருந்த பதில் அதுதான். போன ஆவணியில் கணவர் கனகலிங்கம் நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. செத்தவீட்டில் பத்மாசனி அழவில்லை. அழுவதில்லை என்று அவள் ஒன்றும் விரதம் பிடிக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். ஊர் அதை வைத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் கதைத்துக் களைத்தது. பிள்ளைத்தாச்சியாக இருந்ததால் வரமுடியாமல் போன சாரங்கா எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பிரேதத்தைப் பார்க்க, அவள் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

“ஆடிக்கு வாறன். வந்து பாப்பன். நீங்கள் தனிய இருக்கிற நிலையில இல்லையெண்டா, கையோட கூட்டிக்கொண்டு வந்திடுவன். பேந்து மாட்டன் எண்டு அடம்பிடிக்கக் கூடாது.”

அதற்கும் பத்மாசனி ஓம் என்றுதான் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு முற்றத்துக்குப் போய்க் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு உணர்ச்சி இருந்தது. வீடும் முற்றமுமான இந்த வளவை விட்டு அவள் போகமாட்டாள். அதற்கு, மகள் வருகிறபோது எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். அவளும் ஒழுங்காக இருக்கவேண்டும், காரும் அப்படியே.

கார் வெளியில் நிற்பதற்கு யானைதான் காரணம். யானைக்குக் காரோடு ஒரு கோபமும் இல்லை. கொட்டிலுக்குள் காருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த நெல்மூட்டையில்தான் அதற்குக் கண். மாசி மாதம் ஒருநாள் வந்து கொட்டிலைச் சரித்து, வேண்டியதைத் தின்றுவிட்டுப் போனது. மொறிஸ் மைனரின் கூரையில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். கொட்டிலைத் திரும்பப் போடவேண்டும் என்று பத்மாசனி தினமும் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

பங்குனியில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனாள். பசாரில் தறப்பாளும் கயிறும் வாகனச் சாமானும் விற்கிற மஸாஹிரின் கடையில், அவன் இரண்டு கவர்களை எடுத்து மேசையில் விரித்தான். ஒன்று சில்வர், மற்றது கடும் பச்சை.

“கார் என்னது அக்கா?”

“மொறிஸ் மைனர்.”

“அப்ப சில்வரையே எடுங்க. அந்தக் காலத்துப் பெயின்ற், வெயில் பட்டாப் பொரிஞ்சு போகும். பச்சை சூட்டை உள்ள இழுக்கும்.” சொல்லிவிட்டு அவள் கையைப் பார்த்தான். “நீங்க பச்சையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க.”

அப்போதுதான் பத்மாசனியும் பார்த்தாள். கை தன்பாட்டில் பச்சைக் கவரின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

“மற்றது மினுங்குது தம்பி.”

“மினுங்கத்தானே வேணும்.”

“மேலையிருந்து பாத்தாத் தெரியும்.”

மஸாஹிர் சிரிக்கவில்லை. மடிக்கத் தொடங்கிய கவரை மேசையில் வைத்தான்.

“இப்ப மேலையிருந்து ஆரும் பாக்கிறதில்ல அக்கா.”

“தெரியும்,” என்றாள். உண்மையிலேயே அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், கை விட்டால்தானே.

சண்டை முற்றிய காலத்தில், வீட்டை விட்டு வெளிக்கிட்டு விசுவமடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது, மினுங்குகிற எதையும் ஒருவரும் வெளியில் வைப்பதில்லை. கழுவின சட்டியை வெயிலில் கவிழ்க்கமாட்டார்கள். சைக்கிள் மட்காட்டுக்குச் சேறு பூசுவார்கள். மொறிஸ் மைனர் தலையிலிருந்து கால்வரை வெட்டி அடுக்கின இலைக்குழைக்குள் நின்றது. ஆகாயத்தில் குண்டு போட வருகிறவனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு மினுங்கினாலே போதும் என்று சனம் சொன்னது. உண்மையோ பொய்யோ, சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்கவில்லை.

ஆனாலும் பச்சையை வாங்கினால் மகள் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் டொக்டர் வருவார், டொக்டருக்குப் பிறகு விமான ரிக்கற் வரும். பத்மாசனி சில்வரை வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வளவுக் கிருசாந்தன் வந்து அதை இழுத்துப் போட்டு, கீழ்ப்பக்க நாடாவைக் கட்டிவிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் காரை உறுமவைத்துப் பார்க்கிறவன் அவன்தான். இதற்குக் கூலியாக ஒரு தேத்தண்ணியும் தான் வேலை செய்கிற வாகனக் கராச்சில் சொல்லித்திரியப் பெருமையும் அவனுக்குப் போதும்.

அடுத்தநாள் மத்தியானம் பத்மாசனி வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரம்பில் நிமிர்ந்தாள். வீட்டுப் பக்கம், பச்சை மரங்களுக்கு நடுவே, வெள்ளியாக ஒரு பொட்டு எரிந்தது. ஊர் முழுக்க வேறு ஒன்றும் தெரியவில்லை. அது மட்டும் தெரிந்தது. பயம் வந்தது. வெட்கம் கெட்ட, பழைய, அதே பயம். கணவன் செத்ததற்கு அசையாத நெஞ்சு, ஒரு துணிக்கு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. மண்வெட்டியை வரம்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வேலியோரப் பூவரசில் குழை வெட்டினாள். கவர் மறையும்வரை அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்த கிருசாந்தன் தலையைச் சொறிந்தான். சண்டைக் காலத்தில் அவன் கைக்குழந்தை.

“ஏன் மாமி குழை?”

“வெயில்.”

“வெயிலுக்குத்தானே கவர். கொப்புக் குத்தினாக் கவர் கிழியும் மாமி. சாரங்காக்கா என்னைத்தான் பேசுவா.”

அவன் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டான். அவன் போனதும் அவள் திரும்ப ஏற்றினாள். அடுத்த வெள்ளியும் இதே கூத்து. மூன்றாம் வெள்ளி அவன் கேட்பதை விட்டுவிட்டான். சுகமில்லாத ஆளிடம் கதைப்பது போல மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனான். அதுதான் பத்மாசனியைப் பயப்படுத்தியது. இவனுக்கே இப்படித் தோன்றினால் மகளுக்கு எப்படித் தோன்றும்?

அதனால் போனில் முற்றத்துப் பக்கமே திரும்பவில்லை. சாரங்கா காரைக் காட்டச் சொன்னால் வெளிச்சம் காணாது என்பாள், சார்ஜ் இல்லை என்பாள். சித்திரை முடியும்வரை இப்படியே ஓட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரங்கா பிடித்த பிடியில் நின்றாள்.

“ஒரு மாசமாவோ அம்மா சார்ஜ் இல்லை? மூத்தவன் அம்மப்பாவின்ர காரைப் பாக்கவேணுமாம். காட்டுங்கோ.”

இனி ஒளிக்க முடியாது. பத்மாசனி குசினி வாசலால் இறங்கி முற்றத்துக்கு வந்து, போனைத் திருப்பிப் பிடித்தாள். பேரன், “கார் எங்கை அம்மா?” என்று கேட்டான்.

“அதுக்குள்ளைதான் நிக்குது,” என்றாள் சாரங்கா.

பத்மாசனி காத்துக்கொண்டு நின்றாள். டொக்டர், ரிக்கற், வளவை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எல்லாவற்றுக்கும் சொல்ல ஒரு ஓம் தொண்டையில் தயாராக இருந்தது.

“கிட்டப் போங்கோ அம்மா.”

போனாள்.

“அங்காலைப் பக்கம்.”

சுற்றிப் போனாள்.

“அதில வாடிப்போச்சு.” சாரங்காவின் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. “வாடின குழை மேலையிருந்து வேற நிறமாத் தெரியும். விசுவமடுவில அப்பா வெட்டித் தர நான்தானே ஒவ்வொரு நாளும் விடிய மாத்துறனான். உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும் பிள்ளை.”

“இப்பவே மாத்துங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பத்மாசனி போனைக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்தாள். அதில் மகளின் முகம் அசையாமல், காரையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாகத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பத்மாசனி அப்போதுதான் கண்டாள். கத்தியை எடுத்துக்கொண்டு பூவரசடிக்குப் போனாள்.