மச்சானுக்கு ஓர் இருக்கை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நடுக்கடலில் ஓர் இருக்கைக்காக நடந்த கதையைச் சொல்கிறேன்.

எண்ணெய் எடுக்கும் மேடையின் ஓரத்தில் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எலக்ட்ரீஷியன் முழங்காலை இடுக்கி, பெல்ட்டுக்குள் வியர்த்தபடி காத்திருந்தார். முன்பு பக்கத்து நாட்டு மேடை ஒன்று தீப்பிடித்தபோது, படகில் இடமில்லாமல் ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகு அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் கூடி ஒரே விதி போட்டன. ஒரு நாட்டு மேடையை அடுத்த நாட்டு அதிகாரியும் வந்து பார்ப்பார். காகிதக் கணக்கு செல்லாது. மேடையில் இருக்கும் அத்தனை ஆட்களும் படகில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

அப்படி வந்திருந்த பக்கத்து நாட்டு அதிகாரி அம்மா ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. ஒருவரும் நிற்கவில்லை.

இடமில்லாமல் நிற்க வேண்டியவர்கள் கீழே, துணி துவைக்கும் அறையில் இருந்தார்கள். எல்லாரும் ஒப்பந்த ஆட்கள். படகு போதவில்லை என்று தெரிந்தால் மேடையை மூடிவிடுவார்கள், அப்புறம் யாருக்குச் சம்பளம் என்று கேட்டு, மேனேஜர்தான் அவர்களை அங்கே இருக்கச் சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியனுடைய மனைவியின் தம்பியும் அவர்களில் ஒருவன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"ஆபத்து வந்தா வாஷிங் மெஷினுக்குள்ள ஏறிக்கிறேன் மாமா. நீங்க சுவிட்ச மட்டும் போட்டுடாதீங்க" என்று காலையில் சிரித்திருந்தான்.

எல்லாரும் வந்தாயிற்றா என்று அந்த அம்மா கேட்டதை உள்ளூர் அதிகாரி மொழிபெயர்த்தார். மேனேஜர் தலையாட்டினார்.

எலக்ட்ரீஷியன் பெல்ட்டைக் கழற்றி எழுந்தார். தலை கூரையில் இடித்தது.

"என் மச்சான் இன்னும் வரல சார். கீழ இருக்கான். அவனோட இன்னும் பல பேரு இருக்காங்க. அவங்களுக்கு இடம் கிடைக்கிறவரைக்கும் நானும் உக்காரல."

அன்றே வேலை நின்றது. வேறு படகு வாங்கும்வரை தங்கள் படகைத் தருவதாகப் பக்கத்து நாடு சொல்லியனுப்பியது. எலக்ட்ரீஷியனை மறுநாள் ஹெலிகாப்டரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சோதனையின்போது பெல்ட்டைக் கழற்றியது பாதுகாப்பு விதியை மீறிய குற்றமாம்.

ஹெலிகாப்டர் எழும்பியபோது அவர் ஜன்னல் வழியே பார்த்தார். ஓர் இழுவைக் கப்பல் பக்கத்து நாட்டின் ஆரஞ்சுப் படகை இழுத்து வந்துகொண்டிருந்தது. மேடையின் விளிம்பில் நின்ற மச்சான், துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை உயர்த்தி அவரைப் பார்த்து ஆட்டினான். அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் திரும்பிவர ஓர் இருக்கை இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் குடும்பம் நிறைந்து வாழட்டும்.