போர்வை உறையில் தைத்த கவுன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மாற்றிச் சொல்லத் தோன்றும். போன ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பாத் நகரத்தின் நடன மண்டபம் ஒன்றில், ஒரு பெண்ணின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்பட்டது.

'சொல்லப்பட்டது.' கவனித்தீர்களா? ஒளிந்துகொள்வதற்கு இலக்கணத்தில் இதைவிட வசதியான இடம் கிடையாது. யார் சொன்னது என்பதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நான் அடித்துப்போட்ட தொடக்கங்கள் இரண்டு.

"இருநூறு வருஷத்துக்கு முந்தைய ரீஜென்சி காலத்துச் சீமாட்டியாகக் குறைந்த செலவில் மாறுவது எப்படி? தேவையானவை: போர்வை உறை ஒன்று, எலாஸ்டிக் இரண்டு முழம், வெட்கமின்மை தேவையான அளவு." இது என் வாரப் பத்தியின் நடை. உள்ளூர் இதழில் பதினொரு வருஷமாக ஊரைச் சிரிக்கவைப்பதுதான் என் வேலை. அந்த நடைதான் குற்றவாளி. அடித்தேன்.

"ஐம்பத்தேழு வயதில் பெவர்லி டக்கெட்டுக்கு ஆட ஆசை வந்தது." இது பரவாயில்லை. ஆனால் அந்த 'ஐம்பத்தேழு வயதில்' கொஞ்சம் மேலேயிருந்து குனிந்து பார்க்கிறது. எனக்கும் ஐம்பத்தேழுதான்.

2

பெவர்லி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கையோடு, வியாழக்கிழமைதோறும் ட்வெர்ட்டனிலிருந்து பேருந்து பிடித்து எங்கள் நடன வகுப்புக்கு வருவாள். வரிசையில் என் பக்கத்து இடம் அவளுடையது. நான் தப்பான பக்கம் திரும்பினால் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவாள்.

ஜூன் மாத விருந்து நடனத்துக்கு ஒரே ஒரு விதி: அந்தக் காலத்து உடை இல்லாமல் அனுமதி இல்லை. எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் கிளைவ், ஓய்வுபெற்ற தபால்காரர், அதை வாராவாரம் அறிவித்தார்.

"ஜீன்ஸ் போட்டுட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான் அம்மணிகளே. ராஜாவே வந்தாலும் விடமாட்டேன்."

நான் வாடகைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னேன். வாடகையைக் கேட்டதும் பெவர்லி நடையில் நின்றுவிட்டாள்.

"நூத்தி நாப்பது பவுண்டா? ஒரு சாயங்காலத்துக்கா? அதுக்கு எங்க வீட்டு பாய்லரையே சரி பண்ணிடலாம்டி. நீ போயிட்டு வா ரோ. எனக்கு வந்து கதை சொல்லு."

"போடி. தைச்சுக்கலாம். நான் கூட இருக்கேன்."

"நீயா? உனக்குப் பொத்தான் தைக்கவே ஒரு நாள் ஆகுமே."

ஆனாலும் அவள் முகத்தில் அப்போதே தையல் தொடங்கிவிட்டது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் சமையலறையில் உள்கச்சை தைத்தோம். எலும்புச் சட்டத்துக்குப் பதில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள். அளவு பார்க்க என்மேல்தான் கட்டினாள்.

"மூச்சை இழு. இன்னும் இழு."

"செத்துடுவேன் பெவ்."

"சாகும்போது நிமிர்ந்து சாவு. அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்படித்தான். இடுப்பு எங்க இருந்தா என்ன, மார்புக்குக் கீழ நாடா கட்டிட்டா மீதி எல்லாம் பாவாடைதான். ஏழைக்குன்னே கண்டுபிடிச்ச உடைடி இது!"

சிரித்ததில் பட்டை ஒன்று படீரென்று தெறித்துத் தேநீர்க் குவளையில் விழுந்தது. என் நாய் ஹம்ஃப்ரியையும் கூட்டிப்போயிருந்தேன். அது மேசைக்கடியில் அவள் போட்ட ரொட்டி ஓரங்களைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. 'எழுத்து வேலை' என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். (எழுத்து வேலை எதுவும் இல்லை. தையல் சலிப்பாக இருந்தது. அவ்வளவுதான்.) கவுனை மட்டும் எனக்குக் காட்டமாட்டேன் என்றாள். அங்கே வந்து பார் என்றாள்.

3

மண்டபத்து ஜன்னல்களில் மாலை வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பெவர்லி படியேறி வந்தபோது பேச்சு ஒரு நொடி நின்றது.

வெள்ளைப் பருத்தி. அதில் சின்னச்சின்னப் பச்சை இலைகள். மார்புக்குக் கீழே கரும்பச்சை நாடா. பூசணிபோல் உப்பிய குட்டைக் கைகள். பழைய கல்யாண உடைக் கடையிலிருந்து முழங்கைக்கு மேல் ஏறும் கையுறை. முதுகில் மேலிருந்து கீழாகப் பொத்தான் வரிசை. கழுத்தெலும்புக்கு மேல் தலை இவ்வளவு அழகாக நிற்கும் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் அவள் எப்போதும் கம்பளிச் சட்டைதான் போட்டிருப்பாள்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பட்டு உடுத்திய ஒருத்தி கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த மஸ்லின் எங்க வாங்கினீங்க? லண்டனா?"

பெவர்லி சிவந்துபோனாள். "பழைய துணிங்க. எங்க அத்தை வீட்டுப் பெட்டியில கிடந்துச்சு."

கிளைவ் வந்து குனிந்து வணங்கி, முதல் ஆட்டத்துக்குக் கை நீட்டினார். அவர் முதல் ஆட்டத்துக்கு யாரை அழைக்கிறார் என்பது எங்கள் வகுப்பில் சின்ன விஷயம் இல்லை.

அப்போதுதான் டாஃப்னி என்பவள் முன்னே வந்தாள். ஒல்லி, உரத்த குரல், எதையும் வேடிக்கையாக்காமல் விடமாட்டாள். பெவர்லியின் முதுகைப் பார்த்தாள், பொத்தான்களைப் பார்த்தாள், கையைத் தட்டினாள்

4

டாஃப்னி என்று யாரும் இல்லை.

நான்கு வரைவுகளில் அவளை வளர்த்தேன். மூக்குக்கண்ணாடி கொடுத்தேன், விவாகரத்து கொடுத்தேன், ஒரு வரைவில் அவள் கடைசியில் அழக்கூடச் செய்தாள். ஒல்லியும் உரத்த குரலும் என்னுடையவை.

நடந்தது இது. எனக்கு வாடகை உடை சரியாகப் பொருந்தவில்லை. ஊதா நிறம், பளபளக்கும் நைலான், முதுகில் ஜிப். நான் அரைமணி நேரமாக அங்கே நிற்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும், எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள், அதுதான் வழக்கம். அன்றைக்கு எல்லோர் முதுகையும் பார்த்தபடி நின்றேன். பெவர்லியின் முதுகையும். மேலிருந்து ஐந்தாவது பொத்தான் நீலம். மற்றதெல்லாம் வெள்ளை.

அந்த நீலப் பொத்தானைத் தைத்தது நான், என் போர்வை உறையின் வாயில் வெள்ளைப் பொத்தான் ஒன்று அறுந்துபோனபோது. மார்ச் மாதம் நன்கொடைக் கடையில் ஒரு பை நிறையப் பழைய துணி கொடுத்தேன். அதில் பச்சை இலை போட்ட அந்த உறையும் இருந்தது.

"பெவ்! இது என் போர்வை உறைடி! எங்க நாய் இதுமேலதானே நாலு குட்டி போட்டுச்சு!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நாற்பது பேர். கைத்தடி ஊன்றிய ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைத் தொட்டுப் பார்த்த பட்டுக்காரி, தொட்ட விரல்களைத் தன் பாவாடையில் லேசாகத் துடைத்துக்கொண்டாள். தெரியாமல் செய்திருப்பாள்.

நாய் அந்த உறைமேல் ஏறியதே கிடையாது. ஹம்ஃப்ரி ஆண் நாய். வெறும் 'என் போர்வை உறை' என்றால் பாதிச் சிரிப்புதான் வரும் என்று எனக்குத் தெரியும். குட்டிகள் சேர்த்தால் முழுசாக வரும். அந்த ஒரு நொடியில் திருத்தி எழுதி மெருகேற்றித்தான் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல. வேலை செய்துதான் வந்தது.

பெவர்லி என்னைப் பார்த்தாள். பிறகு கிளைவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். முதல் ஆட்டம் முழுவதும் ஆடினாள், ஒரு அடிகூடத் தப்பவில்லை. அது முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே பேருந்து நிறுத்தத்தில், வெயிலில், கவுனின் அடிப்பகுதி தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இறங்கிப் போக இருபத்திரண்டு படிகள். வயலின்காரர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். யாரோ கை நீட்டினார்கள். நான் ஆடப் போனேன்.

(இந்த இடத்தில் 'என்னை மறந்து' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். மறக்கவில்லை.)

5

மூன்று வியாழக்கிழமைகள் அவள் வரவில்லை. நான்காவது வாரம் ஆறு மீட்டர் அசல் மஸ்லின் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கடைப் பெயர் போட்ட பையை மட்டும் மாற்றாமல் கொண்டுபோனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"உள்ள வா. கெட்டில் போட்டிருக்கேன்," என்றாள்.

தேநீர் தந்தாள். பிஸ்கட் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன், சொற்கள் என் தொழில்தானே.

கேட்டு முடித்ததும் சொன்னாள்: "ஹம்ஃப்ரி ஆம்பளை நாய் ரோ."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் என்னால தாங்க முடியல. உளறியிருந்தா விட்டிருப்பேன்."

நான் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தேன்.

"அந்த உறை உன்னுதுன்னு கடையில பாத்ததுமே தெரிஞ்சுது. உன் வீட்டுக் கொடியில எத்தனை தரம் பாத்திருக்கேன். பொத்தான் எல்லாத்தையும் கழட்டி முதுகுல வெச்சேன். அந்த நீலத்தை மட்டும் மாத்தல. நீ கண்டுபிடிப்பே, என் காதுல வந்து சொல்லுவே, ரெண்டு பேரும் ராத்திரி பூரா சிரிச்சுக்கிட்டு ஆடலாம்னு..." அவள் குவளையைச் சுற்றிச்சுற்றி வைத்தாள். "நீ தைக்க வரல. சரி, உன்னோடது ஏதாவது கூட இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

மஸ்லின் பையை அவள் தொடவில்லை. கிளம்பும்போது என் கையில் எடுத்துக் கொடுத்தாள். வாசலில் கேட்டாள்:

"இதை எழுதுவியா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா பெவ்."

6

எழுதுகிறேன். பெயரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன் என்று சமாதானம் சொல்லலாம். வெட்கப்பட்டுத்தானே எழுதுகிறேன், அது பிராயச்சித்தம் இல்லையா என்றும் சொல்லிப்பார்த்தேன். ஆனால் குவளையைச் சுற்றி வைத்தாள் என்று எழுதியபோது, வரி நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இப்போது வெட்கப்படுவது அதற்காகவும்தான்.

முடிவுகள் சில எழுதிப்பார்த்தேன்.

ஒன்றில், பெவர்லி இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறாள், "போடி கிறுக்கி" என்கிறாள். என் வசதிக்கு ஏற்ற முடிவு. அவள் குரலை நான் இரவல் எடுக்க வேண்டியிருந்தது. கிழித்தேன்.

இன்னொன்றில், அவள் என்றைக்கும் மன்னிக்கவில்லை, நான் தனியாக நடந்துபோகிறேன், மழை பெய்கிறது. அதில் பரிதாபத்துக்குரியவள் நானாகிவிடுகிறேன். அதையும் கிழித்தேன்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அவள் இப்போது திங்கட்கிழமைகளில் பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில் வேறொரு வகுப்புக்குப் போகிறாள் என்று கிளைவ் சொன்னார். போன வாரம் போனேன். தேவாலயத்துக் கூடம், தெருவைப் பார்த்த ஜன்னல். உள்ளே அவள் ஒரு புதுப்பெண்ணின் மார்புக்குக் கீழே அளவு நாடாவைச் சுற்றி, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் யாருடைய மேசைவிரிப்போ வெட்டத் தயாராகக் கிடந்தது. கதவில் பூட்டு இல்லை, தள்ளினால் திறக்கும். எதிர்ச்சாரியில் பேருந்து வரும்வரை நின்றேன். வந்ததும் ஏறிவிட்டேன்.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அவளுக்கு உங்களைத் தெரியாது, நீங்கள் அவளை ஒன்றும் சொன்னதில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போங்கள். ஆடத் தெரியாது என்று சொல்லுங்கள், வரிசையில் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். தப்பான பக்கம் திரும்பினால் திருப்பிவிடுவாள். என்னைப் பற்றிப் பேச்சு எடுப்பதா வேண்டாமா, அவள் என்ன பதில் சொல்வாள், எல்லாம் உங்கள் பாடு.

ஆனால் அங்கே நடந்ததை என்னிடம் வந்து சொல்லாதீர்கள். சொன்னால் எழுதிவிடுவேன்.