தடுப்புச் சுவரில் ஒரு பெயர்

பர்மாவில் வெள்ளைக்காரன் கட்டிய மாதாகோவில்தான். செங்கல்லும் கூரான வளைவுகளுமாக விறைத்து நின்றதை, பின்னால் வந்த சீனர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள். முகப்புக் கூரையின் முனைகளை மேல்நோக்கி வளைத்தார்கள். தூண்களுக்குச் சிவப்பு அடித்தார்கள். வாசலுக்கு உள்ளே குறுக்காக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கெட்டது நேராகத்தான் வருமாம், சுவரில் முட்டித் திரும்பிவிடுமாம். ஏசுவே உள்ளே இருக்கும்போது இது எதற்கு என்று எந்தப் பாதிரியாரும் கேட்கவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள்.

அந்தச் சுவரில்தான் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். இறந்தவர் பெயர் கறுப்பில். அவருடைய துணை உயிரோடிருந்தால் பக்கத்திலேயே அந்தப் பெயர் சிவப்பில். அவரும் போனபின் கறுப்பாக்குவார்கள்.

நர்கீஸ் புயலில் சுவர் விழுந்தது. புதுச் சுவரில் பெயர் எழுதும் வேலை தாமுவே பகுதியில் பெயர்ப்பலகை எழுதும் காஜா மைதீனுக்குக் கிடைத்தது.

புஷ்பாவின் கணவன் ஆ செங் புயலுக்கு முந்தின வருஷம் இறந்துபோனான். பழைய சுவரில் அவன் பெயர் தனியாகத்தான் இருந்தது. பக்கத்தில் மருமகள் பெயரை எழுதச் சொல்ல வேண்டியவள் மாமியார் டோ மெய் லான். சொல்லவில்லை. காளி கும்பிட்ட வீட்டுப் பெண்ணை மகன் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் கிடையாது. செத்த பிறகும் அவனுக்குத் தான் யாரோதானா என்பது புஷ்பாவை அரித்தது. வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

புஷ்பா தேநீர் கொண்டுபோனபோது, ஆ செங் பெயரை எழுதி முடித்திருந்த காஜா மைதீன் கேட்டான்: "உங்க பேரு எங்கக்கா?"

"பெரியவங்க சொல்லணும் தம்பி."

அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் போனதும் தானாகவே எழுதிவிட்டான், நல்ல கறுப்பில். அவனுடைய பள்ளிவாசலில் நன்கொடை கொடுத்தவர்களைத்தான் சிவப்பில் எழுதுவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தான், புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை டோ மெய் லான் சுவர்முன் நின்றாள். பின்னால் வந்த புஷ்பாவும் பார்த்தாள். ஆ செங்குக்குப் பக்கத்தில் தன் பெயர்.

"யார் எழுதச் சொன்னது?" என்று சுவரோரம் இருந்த காஜா மைதீனைப் பர்மியப் பேச்சில் கேட்டாள் கிழவி.

"யாரும் சொல்லல அம்மா. மருமக பேரு விட்டுப்போச்சேன்னு நான்தான் எழுதுனேன்."

"அழி."

எதிர்பார்த்ததுதான், ஆனாலும் புஷ்பாவுக்கு வலித்தது. காஜா மைதீன் துணியை எண்ணெயில் நனைத்து, அவளை நிமிர்ந்து பார்க்காமல் துடைத்தான். டோ மெய் லான் கடைசி எழுத்து போகும்வரை நகரவில்லை.

"சிவப்பு இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுல எழுது," என்றாள். "ஒரு பிள்ளையக் கறுப்புல பாத்தது போதும்."