குவெர்வோ வீட்டு ஆடு

கால்பந்து ரசிகர் சங்கக் கூடத்தின் தரை முழுக்க செல்சோ குவெர்வோ மல்லாந்து கிடந்தார். சனிக்கிழமை ஆட்டத்தன்று மைதானத்தில் தூக்கிக் காட்ட, அறுபது படுக்கை விரிப்புகளை ஒன்றாகத் தைத்து, அந்தத் துணியில் அவரை வரைந்திருந்தார்கள். ஒரு கண்ணே சாப்பாட்டு மேசை அளவு இருந்தது. மூக்கின் மேல் இரண்டு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பீர் குடித்துக்கொண்டே ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்சோவின் தங்கை எல்வீரா வாசலிலேயே நின்றுவிட்டார். எண்பது வயதிலும் அவருடைய முதுகு வளையவில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். இடது புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை. பிறகு தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளை ஆடு நின்றது. கொம்பு, தாடி, தலையில் ஒரு கிரீடம்.

"வாங்கம்மா, வாங்க! ஷூவ மட்டும் கழட்டிருங்க, கழுத்துப் பக்கம் பெயிண்ட் காயல" என்று டானா கெஸ்லர் ஓடி வந்தாள். பகலில் பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பழுது பார்ப்பவள். ஆட்டத்தன்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி மேடையில் நின்று, தெற்கு முனையிலிருக்கும் மூவாயிரம் பேரையும் கத்த வைப்பவள்.

"இந்த ஆடு எதுக்கு?" என்றார் எல்வீரா.

"எதுக்கா? உங்க அண்ணன்தானம்மா ஆடு!"

"என்ன சொன்னீங்க?"

"ஆடும்மா. இந்த ஊர்லயே பெரிய ஆடு. டேய் ப்ரூக்ஸ், சொல்லுடா. நீதான கண்டுபிடிச்ச."

ஏணியில் இருந்த ப்ரூக்ஸ் டில்லார்ட் இறங்கி வந்தார். தபால்காரர். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் படித்து, இந்த ஊரில் யார் எப்போது எத்தனை கோல் அடித்தார் என்று குறித்து வைப்பவர். எல்வீராவின் பெயரை மைதான இருக்கைப் பட்டியலில் பார்த்துவிட்டு, செல்சோவின் போட்டோ வேண்டும் என்று போன் செய்தவரும் அவர்தான்.

"நாலு சீசன்ல நூத்திப்பதினேழு கோல், அம்மா. இன்னிக்கு வரைக்கும் யாரும் கிட்ட வரல. அவர ஆடுன்னு சொல்லாம வேற யாரச் சொல்றது?"

எல்லாக் காலத்திலும் ஆகப் பெரியவன் என்று சொல்ல அவர்கள் மொழியில் நான்கு சொற்கள் வேண்டும். நான்கின் முதல் எழுத்துகளைக் கோத்தால் அந்த மொழியில் ஆட்டைக் குறிக்கும் சொல் வரும். இளையவர்கள் பல வருடமாக அப்படித்தான் சொல்கிறார்கள். பெரிய ஆட்டக்காரன் என்றால் ஆடு. டானா அதை விரல் விட்டு விளக்கினாள். எல்வீரா முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஆடு வேறு.

அவருடைய காலத்தில் பத்திரிகைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வீரனையும் ஒரு ஆட்டையும் அறிவிக்கும். ஜெயிக்க வைத்தவன் வீரன். தோற்க வைத்தவன் ஆடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், நாட்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம் செயின்ட் லூயிஸிலேயே நடந்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்து அணி ஒரு கோல் முன்னே இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கிடைத்த பெனால்ட்டியை, எல்வீரா பார்த்துக்கொண்டிருக்க, செல்சோ வானத்துக்கு அடித்தார். மறுநாள் மாலைப் பத்திரிகையில் கட்டம் கட்டி, 'ஆடு: குவெர்வோ' என்று போட்டார்கள்.

அந்த வாரமே ஸ்பானியர் சங்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த அப்பாவின் காதருகே யாரோ 'மே' என்று கத்தினார்கள். துத்தநாக உருக்காலையில் இருபது வருடம் வெந்த மனிதர். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவே இல்லை. ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி சமைப்பதை அம்மா நிறுத்தினார். செல்சோ ஆற்றுப் படகில் வேலை தேடி மெம்பிஸுக்குப் போனார், அங்கேயே செத்தும் போனார். வீட்டில் யாரும் அதைப் பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஊரின் மறதி அவர்களுக்கு உதவியது. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் ஊர். கால்பந்து பூங்காவில் நடக்கும், ஆட்டக்காரர்களின் மாமன் மச்சான்கள் வந்து பார்ப்பார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை. யாரும் பார்க்காத ஆட்டத்தில் பட்ட அவமானம் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று. ஏறக்குறைய அறுபது வருடம் குவெர்வோ என்ற பெயர் அவர்கள் வாழ்ந்த கரோண்டலெட் பகுதித் தெருக்களில் தலை நிமிர்ந்து நடந்தது.

அப்புறம் புது அணி வந்தது, ஊர் நடுவே மைதானம் எழுந்தது. முதல் ஆட்டத்துக்கே இருபத்திரண்டாயிரம் பேர் கழுத்தில் சால்வையோடு போய் நின்றார்கள். எல்வீரா டிவியில் பார்த்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு யாரிடமும் சொல்லாமல் சீட்டு வாங்கினார். அதிலிருந்து ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

அவருக்கு இந்தக் கூட்டத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை. கெட்ட வார்த்தையில் பாடினார்கள், முரசை அடித்தே கிழித்தார்கள். ஆனால் எதற்காக வருகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. பேஸ்பாலில் எழுந்து போய் ஹாட் டாக் வாங்கி, கடுகுச் சாறு தடவி, ஒரு நண்பரிடம் உடம்பை விசாரித்துவிட்டு வரலாம். ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே கைக்குட்டை எடுக்கக் குனிந்தால் கோல் போய்விடும். கடிகாரம் நிற்பதில்லை, விளம்பரத்துக்காக யாரும் பந்தை நிறுத்துவதில்லை. தொண்ணூறு நிமிடத்தில் ஒரே ஒரு கோல் விழலாம், விழாமலும் போகலாம். அந்த 'விழலாம்' ஒன்றுக்காகத்தான் இத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதோடு, இது அவர்களுக்கு அப்பன் கொடுத்த ஆட்டம் இல்லை. தாங்களாகத் தேடிக்கொண்டது. அப்படித் தேடிக்கொண்ட ஆட்டத்துக்கு ஒரு பூர்வீகம் வேண்டியிருந்தது. தோண்டினார்கள். செல்சோ கிடைத்தார்.

"அந்த ஆட்ட எடுத்துருங்க" என்றார் எல்வீரா.

மூக்கின் மேல் தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அம்மா, மூணு வாரம் வரைஞ்சோம்" என்றாள் டானா. "பிடிக்கலியா? வேற கலர்ல போடலாமா?"

"எங்க குடும்பத்துக்குச் சரி வராது."

"ஏன்னு சொல்லுங்கம்மா" என்றார் ப்ரூக்ஸ். பணிவாகத்தான் கேட்டார். "நீங்க சொன்னா இப்பவே வெள்ளையடிச்சிடறோம். எங்க ஆளுங்களுக்கு நான் ஒரு காரணம் சொல்லணும், அவ்வளவுதான்."

எல்வீராவுக்கு அவர் எதைப் படித்தார், எதைப் படிக்கவில்லை என்று தெரிய வேண்டியிருந்தது. "அந்தக் கோப்பை ஆட்டத்தப் பத்தி என்ன போட்டிருந்துச்சு?"

"காலைப் பேப்பர்ல ஒரே வரிதான். ஒண்ணு-சைபர்னு தோத்ததா. அப்ப ஒரு மாலைப் பேப்பர் இருந்துச்சாமே, அது நூலகத்துல இல்ல. கம்பெனியே மூடி ரொம்ப நாளாச்சு."

ஆக, யாருக்கும் தெரியாது. ஆட்டை எடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், இத்தனை வருடம் மூடி வைத்ததைத் தன் வாயாலேயே திறக்க வேண்டும். எடுக்காவிட்டால் சனிக்கிழமை குவெர்வோ வீட்டு ஆடு இருபத்திரண்டாயிரம் பேர் முன்னால் எழுந்து நிற்கும். அதில் பழைய அர்த்தம் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருப்பார்கள்?

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாடி கோணலா இருக்கு" என்றார் எல்வீரா. "நேராக்குங்க."

டானா 'ஹே' என்று கத்தினாள். எல்வீரா வந்த வழியே திரும்பி நடந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். வெயில் இரும்பைப் போலக் காய்ந்தது. அணிகள் உள்ளே வந்தபோது தெற்கு முனையில் கயிறுகள் இழுபட்டன, செல்சோ எழுந்தார். முதலில் முடி, பிறகு தழும்பு, பிறகு கண்கள். மைதானம் முழுக்க ஓவென்றது. பக்கத்தில் ஆடும் எழுந்தது. நேரான தாடியோடு. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, மூவாயிரம் பேர் முரசுக்கு ஏற்ற தாளத்தில் 'மே, மே' என்று கத்தினார்கள். மற்ற மூன்று பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டது.

எல்வீராவுக்கு அப்பாவின் சீட்டு மேசை நினைவுக்கு வந்தது. அவர் உட்காரவில்லை. நேராக நின்றபடி தன் பகுதியில் நரைத்த தலைகளை எண்ணத் தொடங்கினார். பதினான்கு இருந்தன. அதில் பன்னிரண்டு அறுபதுக்கு மேல் போகாது. ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தார். பதினான்காவது தலை, நான்கு வரிசை மேலே, வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் பாதியில் பந்து எங்கே போயிற்று என்று எல்வீரா பார்க்கவில்லை. இடைவேளை விசில் ஊதியதும் படியேறி அந்த ஆளின் முன்னால் போய் நின்றார்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கணும் மேடம். உங்கள எனக்கு..."

"எல்வீரா குவெர்வோ."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். எழ முயன்று, முழங்கால் விடாமல் மறுபடி உட்கார்ந்தார். "ஹெர்ப் டோனெல்லி. அந்த ஆட்டத்துல கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னேங்க. பந்து பொறுக்கிப் போடற வேல. இந்த ஆட்டோட ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சவன் இந்த மைதானத்துல நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு. நீங்க இருக்கீங்கன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் வந்திருக்கும். கொஞ்சம் அடக்கியிருப்பேன்."

எல்வீரா பதில் சொல்வதற்குள் கீழிருந்து டானாவும் ப்ரூக்ஸும் ஏறி வந்தார்கள். கத்திக் கத்தி டானாவுக்குக் குரலே இல்லை. "அம்மா! பாத்தீங்களா? எப்படி? அழுதீங்களா, உண்மையச் சொல்லுங்க!"

"நான் அழறதில்ல."

"இவரு யாரு, சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்லம்மா" என்றார் டோனெல்லி. "செல்சோ ஆடினத நேர்ல பாத்தவன். அந்த பெனால்ட்டி அன்னிக்கு..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் ப்ரூக்ஸின் கை அதற்குள் சட்டைப் பைக்குப் போய் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டிருந்தது.

"என்ன பெனால்ட்டி, சார்?"

டோனெல்லி எல்வீராவைப் பார்த்தார். தான் எதைத் தட்டி விட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "கோப்பை ஆட்டத்துல ஒரு பெனால்ட்டி. மேல் கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சுப்பா. அரை அங்குலம். கோல் கீப்பர் அசையவே இல்ல. அதிர்ஷ்டம் இல்ல, வேறென்ன."

"ஐயோ, கம்பத்துலயா!" என்று டானா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கம்பத்தை அவள் மனதுக்குள் ஏற்கனவே ஒரு பாட்டாகப் போட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ப்ரூக்ஸ் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

எல்வீரா அந்தப் பேனாவைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. கம்பத்தில் பட்டது என்றே எழுதப்படும், அடுத்த வருடம் பாடப்படும், பத்து வருடத்தில் அதுவே நடந்ததாகிவிடும். மாலைப் பத்திரிகை இல்லை. தன்னை விட்டால் சாட்சி ஒருவர்தான், அவரும் தன் பக்கம்.

"கம்பத்துல படல" என்றார்.

டோனெல்லி மெதுவாக, "மேடம், எனக்கு நல்லா ஞாபகம்..." என்றார்.

"உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மிஸ்டர் டோனெல்லி. அதனாலதான் சிரிச்சீங்க. எங்க வீட்டுக்கு இரக்கம் வேண்டாம்." அவர் ப்ரூக்ஸ் பக்கம் திரும்பினார். "மேல போச்சு. மைதானத்துக்கு வெளியில போய், பந்து எடுத்துட்டு வரவே நேரமாச்சு. மறுநாள் பேப்பர்ல என் அண்ணன ஆடுன்னு போட்டாங்க. அந்தக் காலத்துல ஆடுன்னா தோக்க வச்சவன். அதனாலதான் எடுக்கச் சொன்னேன்."

டானா தலையிலிருந்த கையை இறக்கினாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள். "நாங்க மொத்த ஊரையும் மே மேன்னு கத்த வச்சோமே அம்மா."

"கேட்டுச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

கீழே அணிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. முரசு ஆரம்பித்தது. டானா போகவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? நூத்திப்பதினேழு கோல் போட்ட ஆளு, அத எப்படி விட்டாரு?"

எல்வீரா யோசித்தார். இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் செல்சோவிடம் கேட்டதில்லை. "தெரியாது" என்றார். "கேப்டன் அடிக்க மாட்டேன்னாரு. இன்னும் ரெண்டு பேர் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டாங்க. எங்கண்ணன்தான் போய்ப் பந்த எடுத்து வச்சான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அது நிஜம்" என்றார் டோனெல்லி. "லேஸ் கட்டினதுல ஒருத்தன் என் மாமா."

ப்ரூக்ஸ் எழுதியதை அடித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க சொன்னபடி எழுதிக்கட்டுமாம்மா? இல்ல விட்டுடட்டுமா?"

"எழுதுங்க. மே பதினெட்டு, ஞாயித்துக்கிழமை. கம்பத்துக்கு நாலடி மேல."

"நாலடி."

"நாலு. மூணுன்னு போட்டுறாதீங்க."