இருபத்தெட்டு வரி

மாலை வகுப்பில் டீச்சருக்கு ஒரே சட்டம்தான். பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. அவரும் படிக்கமாட்டார். வரிகளை எண்ணிச் சிவப்பு மையில் போடுவார். போன முறையைவிடக் கூடியிருந்தால் பக்கத்தில் 'சபாஷ்'. படித்தால் பிழை கண்ணில் படும், பிழையைச் சொன்னால் ஓடுகிற கை நின்றுவிடும் என்பது அவர் கட்சி.

ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கும் பெண்ணுக்கு வகுப்பில் 'மூணு வரி அக்கா' என்று பெயர். பத்து நிமிடமும் பேனா மூடியைக் கடித்துவிட்டு மூன்றே வரியோடு எழுந்துவிடுவாள். ஆனால் எழுத்துத் தேர்வில் தேறினால்தான் மேற்பார்வையாளர் வேலை. அது கிடைத்தால்தான், ஆறு வருடமாக ஊரில் தங்கையிடம் விட்டிருக்கும் மகளை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். அந்த ஒன்றுக்காகத்தான் ஷிப்ட் முடிந்த கையோடு விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

போன மாதம் என்ன மாயமோ, மூன்று வரி பதினெட்டானது. அடுத்த வாரம் இருபத்தெட்டு. தலை நிமிராமல் எழுதினாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அவள் புராணம்தான்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் சீக்கிரமே வந்து மேஜையருகே நின்றாள்.

"லிஸ்டுல இருந்து என் பேரை எடுத்துடுங்க டீச்சர்."

"என்ன விளையாடுறீங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு? நீங்க எழுதினதை நீங்களே பாருங்க."

கோபத்தில் டீச்சருக்குத் தன் சட்டமே மறந்துபோனது. நோட்டைப் பிரித்து இருபத்தெட்டு வரிப் பக்கத்தைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் வரியில் குரல் இறங்கியது.

மகளிடம் போனில் பேசினேன். வரமாட்டேன் என்கிறாள். என் தங்கையைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். என்னைப் பெரியம்மா என்றாள்.

அந்தப் 'பெரியம்மா' மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாகவே இருந்தது. பக்கத்தின் அடியில் டீச்சரின் அழகான கையெழுத்து: 28. சபாஷ்.

அவருக்கு அவமானமாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"வாய்விட்டுச் சொல்ல முடியல டீச்சர். நீங்க படிக்க மாட்டேன்னீங்க, அதான் எழுதினேன்."

டீச்சர் பேனாவை எடுத்து அந்தச் சபாஷின் மேல் கோடு கிழிக்கப் போனார்.

"அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். "அது இருக்கட்டும். லிஸ்டுல பேரை மட்டும் அடிங்க."