போஞ்சியைத் தின்றது எது

மகேந்திரராசாவுக்குக் கோபம் வந்தால் மூளை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அன்றும் அப்படித்தான். பாரிசின் லா சப்பலில் தன் தங்கையின் கணவன் யேசுரட்ணம் நடத்தும் மரக்கறிக் கடைக்குள் நுழைந்தவன், கத்தரிக்காய்ப் பெட்டியை எட்டி உதைத்தான்.

"நாசமறுவானே, சூட்கேசுக்கை புழுவைக் கொண்டந்து என்ரை போஞ்சியை அழிச்சுப்போட்டாய்."

பாரிசுக்கு வடக்கே ஸ்தேனில் இருவரும் ஆளுக்குப் பாதியாகச் செய்த தோட்டம். மகேந்திரராசா தன் பாதியில் முதுகு முறிய வளர்த்த போஞ்சிக்கொடிகள் 2016 ஆகஸ்டில் இலை நரம்பு மட்டும் மிஞ்சி நின்றன. யேசுரட்ணத்தின் பாதியில் இருந்ததோ யாழ்ப்பாணத்திலிருந்து சூட்கேசில் ஒளித்துக் கொண்டுவந்து நட்ட பொன்னாங்காணி. புழு வேறெங்கிருந்து வரும்? அன்று காலை அதை வேரோடு கொத்திக் கொளுத்திவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தான் மகேந்திரராசா.

"மச்சான், நான் சொல்லுறதைக் கேள்."

கேட்கவில்லை. மூக்கில் ஒரு குத்து. விழாமலிருக்க யேசுரட்ணம் குளிர் அறையின் கதவு நிலையைப் பற்றினான். மகேந்திரராசா இரும்புக் கதவை அந்த விரல்கள்மேல் அறைந்து சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

சாட்சிக்கென்று மகேந்திரராசா புழுவும் கூடும் பொறுக்கிப் போட்டுக் கொண்டுவந்த தயிர் டப்பா மேசையில் கவிழ்ந்தது. கறிவேப்பிலை வாங்க வந்திருந்த அக்ஷரா குனிந்து பார்த்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பாரிசில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். பச்சைப் புழுக்கள் முதுகை வளைத்து வளைத்து நடந்தன. டப்பாவுக்குள்ளேயே கூடு உடைத்து வந்த அந்துப்பூச்சி ஒன்றும் கிடந்தது.

"இது இலங்கைல இருந்து வந்ததில்லைங்க. இறக்கையில பாருங்க, வெள்ளிக் கம்பிய வளைச்சு வச்ச மாதிரி அடையாளம். வருஷா வருஷம் தெற்கே இருந்து பறந்து வரும். ஜூலைல இங்க யூரோ ஃபுட்பால் ஃபைனல் அன்னைக்கு ஸ்டேடியம் பூரா அப்பிக்கிச்சே, அதேதான். பீன்ஸ் இலையத் தின்ன இந்தப் புழு அதோடதுதான்."

அந்த ஆட்டத்தை மகேந்திரராசா இதே கடையில், யேசுரட்ணத்தின் தோளில் கைபோட்டபடிதான் பார்த்தான். ஆட்டக்காரனின் முகத்தில் பூச்சி உட்கார்ந்ததைக் கண்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மைதானத்துக்குப் பக்கத்து ஊர்தான் ஸ்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, "ஆஸ்பத்திரிக்குப் போவம், வா" என்றான்.

யேசுரட்ணம் வாயில் வழிந்த இரத்தத்தைத் துப்பினான்.

"பூச்சி எதெண்டு தெரிஞ்சுது. நீ ஆரெண்டும் தெரிஞ்சுது. வெளியிலை போ, மச்சான்."

அவன் மகேந்திரராசாவை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.